செல் இரண்டாகும்போது எது பாதியாகிறது?

ஒரு செல் இரண்டாகும், இரண்டு நான்காகும், நான்கு எட்டாகும், அப்படித்தான் உயிர்கள் வளர்கின்றன. பள்ளியில் அறிவியல் படித்த யாரைக் கேட்டாலும் இதைச் சொல்லிவிடுவார்கள். தப்பில்லை. ஆனால் கொஞ்சம் யோசித்தால் எங்கேயோ இடிக்கும். ஒன்றை இரண்டாகப் பிரித்தால் ஆளுக்குப் பாதிதானே கிடைக்க வேண்டும்? பத்து முறை பிரிந்தால் 1024 செல்கள். அப்படியானால் ஒவ்வொன்றிலும் பழைய செல்லின் ஆயிரத்தில் ஒரு பங்குதான் மிஞ்ச வேண்டும். வளர்ந்த மனித உடலில் சுமார் 30 லட்சம் கோடி செல்கள் இருப்பதாகக் கணக்கிடுகிறார்கள். ஒற்றைச் செல்லில் தொடங்கி 45 முறை இரட்டித்தாலே அந்த எண்ணிக்கையைத் தாண்டிவிடலாம். இத்தனை முறை பிரிந்த பிறகும், ஒரு தோல் செல்லுக்குள் முதல் செல்லில் இருந்த மரபுத் தகவல் முழுவதும் அப்படியே இருக்கிறது. துளி குறையவில்லை.

காரணம் இதுதான்: செல் தன்னிடம் உள்ளதை முதலில் இரட்டிப்பாக்கிக்கொள்கிறது, பிரிவது அப்புறம்தான். பிரிதல் என்று நாம் சொல்வது ஒரு நீண்ட வேலையின் கடைசிக் கட்டம். இது பிடிபட்டால் மற்றதெல்லாம் தானாக விளங்கும்.

இன்னொரு குழப்பமும் உண்டு. உடல் வளர்வதற்கான பிரிதல் (மைட்டாசிஸ்) ஒன்று, முட்டையும் விந்தணுவும் உண்டாவதற்கான பிரிதல் (மியாசிஸ்) வேறொன்று. பேச்சில் இரண்டையும் ஒன்றாகப் போட்டு உருட்டிவிடுகிறோம். இரண்டும் ஒரே கருவிகளைத்தான் பயன்படுத்துகின்றன. ஆனால் நோக்கம் வேறு, முடிவும் வேறு.

பங்கு போட வேண்டிய சொத்து

செல்லுக்குள் இருக்கும் பெரும்பாலான பொருள்களைப் பிரிப்பதில் கண்டிப்பு தேவையில்லை. உள்ளே நிறைந்திருக்கும் திரவமும், ஆற்றல் தரும் நுண்ணுறுப்புகளும் ஏறக்குறைய சரிபாதியாகப் போனால் போதும். குறைவதைப் புதுச் செல் தானே செய்துகொள்ளும். கறாராகப் பங்கு போட வேண்டியது ஒன்றே ஒன்றுதான்: உட்கருவுக்குள் இருக்கும் டி.என்.ஏ.

உட்கரு என்பது செல்லுக்குள் சவ்வு போர்த்திய தனி அறை. டி.என்.ஏ. என்பது அந்தச் செல் என்னென்ன புரதங்களைச் செய்ய வேண்டும் என்ற குறிப்புகள் வேதி எழுத்துகளாகப் பதிந்திருக்கும் மிக நீளமான மூலக்கூறு. ஒரு மனிதச் செல்லில் உள்ள டி.என்.ஏ.வை நீட்டிப் போட்டால் சுமார் 2 மீட்டர் வரும். அது மடங்கிக் கிடக்கும் உட்கருவோ, பெரும்பாலும் மில்லிமீட்டரில் நூறில் ஒரு பங்கு அகலம்கூட இல்லாதது.

இந்த 2 மீட்டரும் ஒரே துண்டாக இருப்பதில்லை. மனிதர்களிடம் 46 துண்டுகளாக இருக்கிறது. புரதங்களோடு சேர்ந்து சுருண்டிருக்கும் ஒவ்வொரு துண்டுக்கும் குரோமோசோம் என்று பெயர். இந்த 46 என்ற எண்ணிக்கையே 1956ஆம் ஆண்டில்தான் உறுதியானது. ஜோ ஹின் ட்ஜியோ, ஆல்பர்ட் லெவான் என்ற இருவர் ஸ்வீடனில் எண்ணிச் சொன்னார்கள். அதற்கு முன் முப்பது வருடத்துக்கும் மேலாக 48 என்றே எல்லோரும் நம்பிக்கொண்டிருந்தார்கள். எண்ணிக்கை கூடினால் அறிவு கூடும் என்றெல்லாம் இல்லை. சிம்பன்சிக்கும் உருளைக்கிழங்குச் செடிக்கும் 48, நாய்க்கு 78.

எளிதாகப் புரிய, இதை 46 புத்தகங்கள் கொண்ட ஒரு தொகுப்பாக வைத்துக்கொள்ளுங்கள். 23 புத்தகங்கள் அம்மா கொடுத்தவை. 23 அப்பா கொடுத்தவை. அம்மா கொடுத்த முதல் புத்தகமும் அப்பா கொடுத்த முதல் புத்தகமும் ஒரே பொருளைப் பற்றியவை, அதே வரிசையில் அதே அத்தியாயங்கள். அங்கங்கே சில எழுத்துகள் மட்டும் வேறு. (ஆணின் பாலினக் குரோமோசோம்களான எக்ஸ், ஒய் ஜோடி மட்டும் இதற்கு விலக்கு.) ஆக, 23 ஜோடிகள். இப்படி ஜோடி ஜோடியாக இருக்கும் நிலைக்கு இருமயம் என்று பெயர். ஜோடிக்கு ஒன்று மட்டும் இருந்தால் ஒருமயம்.

சும்மா இருப்பதுபோல் தெரியும் நேரம்

ஆய்வகத்தில் வளர்க்கும் மனிதச் செல், ஒரு பிரிதலிலிருந்து அடுத்த பிரிதலுக்குப் போக ஏறத்தாழ 24 மணி நேரம் எடுத்துக்கொள்ளும். அதில் கண்ணுக்குத் தெரியும்படி பிரிவது சுமார் ஒரு மணி நேரம்தான். மீதி நேரமெல்லாம் இடைநிலை. நுண்ணோக்கியில் பார்த்தால் ஒன்றும் நடக்காததுபோல் இருக்கும். பழைய பாடப்புத்தகங்கள் சில இதை ஓய்வு நிலை என்றே எழுதின. அதைவிடப் பொருத்தமில்லாத பெயர் இருக்க முடியாது. செல் பருப்பதும், தேவையான பொருள்களைச் சேர்ப்பதும், எல்லாவற்றுக்கும் மேலாக 46 புத்தகங்களையும் எழுத்து விடாமல் நகலெடுப்பதும் இந்த நேரத்தில்தான்.

நகலெடுக்கும் முறை எளிமையானது. டி.என்.ஏ. இரண்டு இழைகள் ஒன்றையொன்று சுற்றியிருக்கும் அமைப்பு. ஓர் இழையில் ஏ என்ற எழுத்து இருந்தால் எதிரே டி இருக்கும். ஜி இருந்தால் சி. அதனால் இரண்டு இழைகளையும் பிரித்துவிட்டால், ஒவ்வோர் இழையையும் பார்த்து அதற்கு எதிர் இழையைப் புதிதாக எழுதிவிடலாம். கிடைக்கும் இரண்டு நகல்களிலும் ஒரு பழைய இழை, ஒரு புது இழை. மனிதச் செல்லில் சுமார் 600 கோடி எழுத்து ஜோடிகள் உண்டு. ஒரு முனையில் ஆரம்பித்து மறு முனைவரை போவதென்றால் காலம் போதாது. அதனால் ஆயிரக்கணக்கான இடங்களில் வேலை நடக்கிறது. எல்லாம் முடிய ஏறக்குறைய 8 மணி நேரம். எழுத எழுதவே சரிபார்த்துத் திருத்தும் நொதிகளும் கூடவே இருக்கின்றன. திருத்தமெல்லாம் முடிந்த பிறகு தங்கும் பிழை, நூறு கோடி எழுத்துக்கு ஒன்று என்ற அளவில்தான் இருக்கும்.

இங்கே ஒரு விஷயத்தைக் கவனிக்க வேண்டும். நகலெடுத்தவுடன் மூலமும் நகலும் விலகிப் போவதில்லை. இரண்டும் ஒட்டியபடியே இருக்கும். ஒட்டியிருக்கும் இந்த இரண்டில் ஒவ்வொன்றும் ஒரு குரோமாட்டிட். குரோமோசோம் என்றாலே ஆங்கில எக்ஸ் வடிவத்தில் ஒரு படம் மனதில் வருகிறதல்லவா? அது, நகலெடுத்து முடித்து, பிரிவதற்குத் தயாராகக் கெட்டியாகச் சுருண்ட குரோமோசோமின் படம். எக்ஸின் ஒரு பக்கம் ஒரு குரோமாட்டிட், மறு பக்கம் அதன் நகல், நடுவே இரண்டும் இறுகியிருக்கும் இடம் சென்ட்ரோமியர். செல்லின் வாழ்நாளில் பெரும்பகுதியில் குரோமோசோம் இந்த வடிவத்தில் இருப்பதே இல்லை. அவிழ்ந்து, கலைந்து, தனியாக அடையாளம் காண முடியாதபடி கிடக்கும். விளம்பரங்களிலும் அட்டைப்படங்களிலும் எக்ஸ் எக்ஸாக மிதக்க விட்டே நம்மைப் பழக்கிவிட்டார்கள்.

இதுவரை பார்த்ததை ஒரு தடவை சொல்லிப் பார்த்துக்கொள்வோம். செல் பிரியும் முன் டி.என்.ஏ. முழுவதையும் இரட்டிப்பாக்குகிறது. 46 குரோமோசோம்கள், ஒவ்வொன்றும் ஒட்டிய இரட்டையாக. இனி வேலை, அந்த இரட்டைகளைப் பிரித்து இரு பக்கமும் அனுப்புவது.

மைட்டாசிஸ்: ஆளுக்கு ஒரு முழுத் தொகுப்பு

இதை நேரில் பார்க்க வெங்காய வேரின் நுனி போதும். வெங்காயத்தின் அடிப்பாகம் தண்ணீரில் படும்படி வைத்தால் சில நாளில் வெள்ளை வேர்கள் விடும். நுனியில் ஓரிரு மில்லிமீட்டரை மட்டும் வெட்டி, அமிலத்தில் மென்மையாக்கி, அசிட்டோகார்மின் சாயம் ஏற்றி, கண்ணாடித் தகட்டில் நசுக்கி நுண்ணோக்கியில் வைப்பார்கள். செங்கல் அடுக்கியதுபோல் செல்கள் தெரியும். பெரும்பாலானவற்றில் உட்கரு ஒரு சிவந்த உருண்டை மட்டுமே. அவை இடைநிலையில் இருப்பவை. தேடினால் சிலவற்றில் உருண்டைக்குப் பதில் தடித்த இழைகள் சிக்கிக் கிடப்பது தெரியும். ஒன்றிரண்டில் அந்த இழைகள் நடுவில் வரிசை கட்டி நிற்கும். இன்னொன்றில் இரண்டு கும்பலாகப் பிரிந்து எதிரெதிர்ப் பக்கம் நகர்ந்திருக்கும். வெங்காயத்துக்கு 16 குரோமோசோம்தான், அதுவும் பெரியவை. அதனால்தான் பள்ளி ஆய்வகங்களுக்கு அதன்மேல் அவ்வளவு பிரியம். சாலமாண்டர் (பல்லிபோல் இருக்கும் நீர்நில வாழ்வி) குஞ்சுகளின் சாயமேற்றிய செல்களில் இதே காட்சியைப் பார்த்து வரிசைப்படுத்தி, 1882இல் புத்தகமாக வெளியிட்டவர் ஜெர்மானியரான வால்தர் ஃபிளெமிங். மைட்டாசிஸ் என்ற பெயரும் அவர் வைத்ததுதான்.

நடப்பது இதுதான். முதலில் அவிழ்ந்து கிடந்த குரோமோசோம்கள் சுருண்டு கெட்டியாகின்றன. அவிழ்ந்த நிலையிலேயே இழுத்தால் சிக்கி அறுந்துபோகும். உட்கருவின் சவ்வு கரைகிறது. செல்லின் இரு முனைகளிலிருந்தும் மெல்லிய புரதக் குழல்கள் நடுவை நோக்கி நீள்கின்றன. இவை கதிர்கோல் இழைகள். ஒவ்வொரு குரோமோசோமின் சென்ட்ரோமியரையும் இரு முனையிலிருந்தும் வரும் இழைகள் பற்றிக்கொள்கின்றன: ஒரு குரோமாட்டிட்டை இந்த முனை இழை, அதன் நகலை அந்த முனை இழை.

எனக்கு மிகவும் பிடித்த கட்டம் இதற்கு அடுத்தது. இரு பக்கமும் இழுபடுவதால் குரோமோசோம்கள் நட்ட நடுவில் வரிசையாக நிற்கின்றன. ஆனால் பிரிவதில்லை. ஒரே ஒரு குரோமோசோமை இழை சரியாகப் பற்றாமல் இருந்தால்கூட, அது நிறுத்து என்ற வேதிச் செய்தியை அனுப்பிக்கொண்டே இருக்கும். மற்ற 45ம் தயாராக நின்று காத்திருக்கும். கடைசி ஒன்றும் சரியான பிறகுதான் குரோமாட்டிட்களை ஒட்டவைத்திருந்த புரதத்தை ஒரு நொதி வெட்டுகிறது. எல்லா இரட்டைகளும் ஏறக்குறைய ஒரே கணத்தில் விடுபட்டு எதிரெதிர் முனைக்கு இழுபடுகின்றன. இரு முனையிலும் புது உட்கருச் சவ்வு உண்டாகிறது. குரோமோசோம்கள் மறுபடியும் அவிழ்கின்றன.

செங்காந்தள் கிழங்கிலும் விதையிலும் இருக்கும் கால்ச்சிசின் என்ற நஞ்சு கதிர்கோல் இழை உருவாவதைத் தடுத்துவிடும். இழை இல்லாமல் செல் நடுவழியில் நின்றுவிடும், குரோமோசோம்கள் கெட்டியான நிலையிலேயே மாட்டிக்கொள்ளும். எண்ணுவதற்கு வசதி. 46 என்று எண்ணிச் சொன்ன இருவரும் அதைத்தான் பயன்படுத்தினார்கள்.

கடைசியில்தான் செல்லின் உடல் இரண்டாகிறது. விலங்குச் செல்லில் நடுப்பகுதி இறுகி இறுகி இரண்டாகக் கிள்ளப்படும். தாவரச் செல்லுக்கு வெளியே கெட்டியான சுவர் இருப்பதால் கிள்ள முடியாது. அது நடுவில் புதுச் சுவரைக் கட்டிக்கொள்கிறது.

ஆக, மைட்டாசிஸின் முடிவில் இரண்டு செல்கள், இரண்டிலும் முழு 46. பாதியானது நகலெடுத்த இரட்டிப்புதான். மூலத் தொகுப்பு அல்ல.

வளர்ச்சி என்பது பிரிதல் மட்டுமல்ல

யானை பெரிதாக இருப்பதற்குக் காரணம் அதன் செல்கள் பெரியவை என்பதல்ல. எலியின் செல்லும் யானையின் செல்லும் ஏறக்குறைய ஒரே அளவுதான், எண்ணிக்கைதான் வேறு. அதனால் வளர்ச்சிக்குப் பிரிதல் அவசியம் என்பது சரி. ஆனால் பிரிந்தாலே வளர்ந்துவிடாது. கருவுற்ற மனித முட்டையின் முதல் சில நாள்களை எடுத்துக்கொள்ளுங்கள். ஒன்று இரண்டாகி, நான்காகி, எட்டாகிறது. கருவின் மொத்த அளவு மாறுவதில்லை. செல்கள்தான் சிறிதாகிக்கொண்டே போகின்றன. பெரிதாவதற்குச் செல் ஒவ்வொரு முறையும் பிரியும் முன் பருக்கவும் வேண்டும்.

எல்லாச் செல்லும் பிரிவதும் இல்லை. குடலின் உட்பூச்சு சில நாளுக்கு ஒருமுறை முழுசாகப் புதிதாகிறது. ரத்தச் சிவப்பணு சுமார் 120 நாள் வாழும். முதிர்ந்த மனிதச் சிவப்பணுவில் உட்கருவே கிடையாது, பிரிய வழியில்லை. எலும்பு மஜ்ஜையில் இருக்கும் மூலச் செல்கள் பிரிந்து பிரிந்து புதியவற்றைத் தருகின்றன. நரம்புச் செல்களும் இதயத் தசைச் செல்களும் பெரும்பாலும் பிரிதலை நிறுத்திக்கொண்டவை. மாரடைப்பில் இறந்த தசை பழையபடி வளராமல் தழும்பாகவே நின்றுவிடுவதற்கு முக்கியக் காரணம் இதுதான். தாவரங்களில் பிரியும் வேலை பெரும்பாலும் சில இடங்களில் குவிந்திருக்கிறது: வேர் நுனி, தண்டின் நுனி, தண்டு பருக்கும் இடம். அந்தத் திசுவின் பெயர் ஆக்குத்திசு.

எப்போது பிரியலாம், எப்போது கூடாது என்று முடிவுசெய்ய ஒவ்வொரு செல்லுக்குள்ளும் சோதனைச் சாவடிகள் இருக்கின்றன. இவற்றை இயக்கும் புரதங்களைக் கண்டுபிடித்ததற்காக லீலண்ட் ஹார்ட்வெல், டிம் ஹன்ட், பால் நர்ஸ் மூவருக்கும் 2001இல் நோபல் பரிசு கிடைத்தது. இந்தச் சாவடிகளை இயக்கும் மரபணுக்கள் ஒன்றன்பின் ஒன்றாகப் பழுதாகி, நிறுத்து என்ற செய்தியைச் செல் மதிக்காமல் பிரிந்துகொண்டே போவதுதான் புற்றுநோய். அதற்குத் தரும் மருந்துகள் பல, பிரியும் செல்லையே குறிவைக்கின்றன. நித்யகல்யாணிச் செடியிலிருந்து எடுக்கும் வின்கிறிஸ்டின் கதிர்கோல் இழைகளைக் கெடுக்கிறது. வேகமாகப் பிரியும் நல்ல செல்களையும் இத்தகைய மருந்துகள் விடுவதில்லை. சிகிச்சையின்போது முடி கொட்டுவதும் ரத்த அணுக்கள் குறைவதும் அதனால்தான். முடியின் வேர்க்காலும் மஜ்ஜையும் புற்றுநோயைப்போலவே ஓயாமல் பிரியும் இடங்கள்.

இனப்பெருக்கம்: பிரிந்தாலே பிள்ளை

ஒரு செல் உயிரிகளுக்கு இதில் சிக்கலே இல்லை. அமீபா பிரிந்தால் இரண்டு அமீபா, இனப்பெருக்கம் முடிந்தது. பாக்டீரியாவுக்கு உட்கருவே இல்லாததால் மைட்டாசிஸும் கிடையாது. தன் வட்டமான டி.என்.ஏ.வை நகலெடுத்து, நடுவில் சுவர் எழுப்பிப் பிரிந்துவிடும். நல்ல சூழல் அமைந்தால் ஈ. கோலை இதை 20 நிமிடத்தில் செய்து முடிக்கும். பல செல் உயிரிகளிலும் இந்த வழி உண்டு. ஹைட்ராவின் பக்கவாட்டில் மொட்டு விட்டுக் குட்டி ஹைட்ரா பிரியும், நட்டு வைத்த கிளை செடியாகும். எல்லாமே மைட்டாசிஸ்தான், அதனால் பிள்ளை தாயின் மரபு நகல்.

ஆனால் இரண்டு பேர் சேர்ந்து பிள்ளை பெறும் முறையில் ஒரு கணக்கு உதைக்கும். அம்மாவின் செல்லில் 46, அப்பாவின் செல்லில் 46. இரண்டும் அப்படியே சேர்ந்தால் பிள்ளைக்கு 92, பேரப்பிள்ளைக்கு 184. அப்படி நடப்பதில்லை. 1883இல் பெல்ஜியத்தைச் சேர்ந்த எட்வார்ட் வான் பெனெடென், குதிரையின் குடலில் வாழும் ஒரு உருளைப்புழுவின் முட்டைகளில் விடையைப் பார்த்தார்: முட்டையும் விந்தணுவும் ஆளுக்குப் பாதிக் குரோமோசோம்களைத்தான் கொண்டுவருகின்றன.

மியாசிஸ்: இங்கேதான் பாதியாகிறது

பாதி என்றால் ஏதோ ஒரு 23 அல்ல. புத்தகத் தொகுப்பை நினைத்துக்கொள்ளுங்கள். 46இல் கண்ணை மூடிக்கொண்டு 23ஐ எடுத்தால் சில தலைப்புகள் இரண்டு முறை வரும், சில வராமலே போகும். தலைப்புக்கு ஒன்று என்று 23ம் வர வேண்டும். அதற்கு ஜோடிகள் முதலில் ஒன்றையொன்று கண்டுபிடிக்க வேண்டும்.

மியாசிஸில் நகலெடுப்பது ஒரு முறை, பிரிவது இரண்டு முறை. நகலெடுத்த பிறகு, அம்மா தந்த ஒன்றாம் குரோமோசோம் அப்பா தந்த ஒன்றாம் குரோமோசோமைத் தேடிப் போய் நீளவாக்கில் ஒட்டி நிற்கும். இப்படி 23 ஜோடிகளும். மைட்டாசிஸில் இது நடப்பதில்லை. அங்கே ஜோடிக்காரர்கள் ஒருவரை ஒருவர் கண்டுகொள்வதே இல்லை. ஒட்டி நிற்கும்போது இரண்டும் ஒரே இடத்தில் வெட்டுப்பட்டு, துண்டுகளை மாற்றிக்கொள்கின்றன. அம்மாவின் புத்தகத்தின் சில பக்கங்கள் அப்பாவின் புத்தகத்துக்கும், அங்கிருந்து அதே எண்ணுள்ள பக்கங்கள் இங்கேயும் போகும். இதற்குக் குறுக்கே கலத்தல் என்று பெயர்.

முதல் பிரிதலில் ஜோடிகள் பிரிகின்றன. குரோமாட்டிட்கள் இன்னும் ஒட்டியே இருக்கும். எண்ணிக்கை பாதியாவது இந்தக் கட்டத்தில்தான். நகலெடுக்காமலேயே வரும் இரண்டாவது பிரிதலில் குரோமாட்டிட்கள் பிரிகின்றன. ஆணில் முடிவு நான்கு விந்தணுக்கள். பெண்ணில் நான்கில் ஒன்றுதான் முட்டையாகிறது. உணவும் திரவமும் கிட்டத்தட்ட முழுவதும் அதற்கே போகும், மீதி சிறு துணுக்குகளாக ஒதுங்கி அழிந்துவிடும்.

ஒவ்வொரு ஜோடியிலும் எது எந்தப் பக்கம் போகும் என்பது தற்செயல். 23 ஜோடிகளுக்கு 83,88,608 விதமான சேர்க்கைகள் வரும். குறுக்கே கலத்தலைச் சேர்க்காமலேயே இவ்வளவு. உடன்பிறந்தவர்கள் ஒருவரைப்போல ஒருவர் இல்லாததற்கு இது போதும். ஒரே கருமுட்டை பிரிந்து வந்த இரட்டையர் மட்டும் விலக்கு. அவர்கள் பிரிந்தது மியாசிஸ் முடிந்து கருவுற்ற பிறகு.

மைட்டாசிஸ் முழுத் தொகுப்பை அப்படியே இரண்டு பேருக்குத் தரும். மியாசிஸ் தலைப்புக்கு ஒன்றாகக் கலைத்துப்போட்டு நான்கு பேருக்குத் தரும். முதலாவது உடலெங்கும் நடப்பது. இரண்டாவது விலங்குகளில் விந்தணுவையும் முட்டையையும் தரும் செல்களில் மட்டுமே.

இரண்டுக்கும் உள்ள வித்தியாசத்தை ஒரே விலங்கில் காட்ட வேண்டுமென்றால் கோவேறு கழுதையைத்தான் காட்ட வேண்டும். தாய்க் குதிரைக்கு 64, தந்தைக் கழுதைக்கு 62. பிள்ளைக்கு 32ம் 31ம் சேர்ந்து 63. அது நன்றாக வளர்கிறது, பெற்றோரைவிடத் திடமாகவே உழைக்கிறது. மைட்டாசிஸுக்கு ஜோடி தேவையில்லை, 63ஐயும் நகலெடுத்துப் பங்கிட்டால் சரி. ஆனால் மியாசிஸில் ஜோடி சேர முயலும்போது சிக்கிக்கொள்கிறது. அதனால் கோவேறு கழுதைக்குக் குட்டி பிறப்பது மிக மிக அபூர்வம்.

பெண்ணின் முட்டையும் வயதும்

ஆணில் மியாசிஸ் பருவ வயதில் தொடங்கி ஓயாமல் நடக்கும். பெண்ணிலோ, அவள் தன் தாயின் கருப்பையில் இருக்கும்போதே தொடங்கிவிடுகிறது. ஜோடிகள் சேர்ந்து துண்டு மாற்றிக்கொள்வது வரை போய், அப்படியே நின்றுவிடுகிறது. பருவமடைந்த பிறகு, மாதாமாதம் பெரும்பாலும் ஒரு முட்டைக்கு மட்டும் வேலை மறுபடி தொடங்கும். இரண்டாவது பிரிதல் முடிவதோ விந்தணு உள்ளே நுழைந்த பிறகுதான். அதாவது 40 வயதில் வெளிவரும் முட்டையில் குரோமோசோம்கள் 40 வருடமாக ஒட்டியபடி காத்திருந்திருக்கின்றன. ஒட்டவைக்கும் புரதம் வயதோடு தளர்வதால், தவறாகப் பங்கு போகும் வாய்ப்பும் கூடுகிறது. 21ஆம் குரோமோசோம் ஒன்று கூடுதலாகப் போய்விட்டால் பிள்ளைக்கு டவுன் சிண்ட்ரோம். இந்தக் காரணம் 1959இல் தெரியவந்தது.

கதிர்வீச்சு பட்டால் பிள்ளைக்குப் போகுமா?

வெயிலில் தோல் செல்லின் டி.என்.ஏ. கெட்டால் அது பரம்பரையாக வருமா, புகைபிடித்து நுரையீரலில் வந்த புற்றுநோய் பிள்ளைக்கும் வருமா என்று பலர் கேட்கிறார்கள். இதற்கு விடை சொல்ல, பிழை எந்தச் செல்லில் நடந்தது என்று பார்த்தால் போதும். தோல் செல்லும் நுரையீரல் செல்லும் மைட்டாசிஸில் மட்டுமே பிரிபவை. அங்கே நேர்ந்த பிழை அந்தச் செல்லின் வாரிசுகளுக்குப் போகும், அந்த உடலோடு முடியும். பிள்ளைக்குப் போக வேண்டுமானால், விந்தணுவையோ முட்டையையோ தரப்போகும் செல்லிலேயே பிழை நேர வேண்டும். எக்ஸ்ரே எடுக்கும்போது அடிவயிற்றுப் பகுதியில் ஈயக் கவசம் போட்டுவிடும் பழைய வழக்கம் வந்தது அந்தச் செல்களுக்காகத்தான்.